சிலிர்க்காத கிடா

ஒரே ஒரு ஊரிலே, வானம் இருந்தும் மழை இறங்காத, கண்மாய் இருந்தும் முழங்காலுக்கு மேல் நனையாத ஓர் ஊரிலே, ஒரு கிடா இருந்தது. 'ம்' கொட்ட ஓர் ஆள் இருக்கிற மட்டும் இந்தக் கதை நடக்கும். அந்த ஆள் எழுந்து போனால் கதையும் பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போய்விடும்.

ஊருக்குப் பெயர் ஏழாங்குறிச்சி. மற்ற ஆறு குறிச்சிகளும் எங்கே என்று கேட்டால், "அதுகளைத்தான் நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம், வழியில பாத்தா வரச்சொல்லுங்க" என்பார்கள். அந்த ஊரின் எல்லையில் ஒரு முனி இருந்தது. முனிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை வெட்டுவதற்கு முன்னால் அதனிடம் கேட்க வேண்டும். வாயால் கேட்பதில்லை. மஞ்சள் கரைத்த தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் தெளித்துவிட்டு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கிடா காதை ஆட்டி, கழுத்தை உலுக்கி, வால்வரைக்கும் சிலிர்த்து உதறினால் "சரின்னுருச்சு!" என்று பூசாரி வேலுக்கட்டி கத்துவார், பெண்கள் குலவையிடுவார்கள், சேவுகனின் அரிவாள் இறங்கும். சிலிர்க்காத கிடாவை வெட்டக் கூடாது. அதன் பதில் வரும்வரைக்கும் ஊர் எல்லைக்குள் வேறு எந்த உயிர்மேலும் கத்தி படக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள், ஏனென்றால் அவற்றுக்கு ஒருநாளும் வேலை வந்ததில்லை. தண்ணீர் பட்ட கிடாவெல்லாம் சிலிர்த்தது. தண்ணீர் பட்டால் எந்தக் கிடாதான் சிலிர்க்காது?

பஞ்சவர்ணம் நேர்ந்துவிட்ட கிடா சிலிர்க்கவில்லை.

பஞ்சவர்ணத்துக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். கிணறு தோண்டப்போன இடத்தில் வெடி முந்திக்கொண்டதில் புருசன் போய்ச் சேர்ந்தான். ஒரே மகன் தவசி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். இரண்டு வருசத்துக்கு முன்னால் அவனுக்குக் காமாலை வந்து, கண்ணும் நகமும் மஞ்சளாகி, இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று, அவள் முனியின் முன்னால் முந்தானையை ஏந்தி, "எம் பிள்ளையக் குடு, உனக்கொரு கிடாயத் தாறேன்" என்றாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். அன்று பிறந்து மூன்று நாளே ஆன ஒரு கருங்குட்டியின் காதை முனைவெட்டி முனிக்கென்று விட்டாள்.

நேர்ந்துவிட்டது என்றால் அதற்குச் சில முறைகள் உண்டு. அதைக் கட்டிப்போடக் கூடாது. எந்தக் காட்டில் மேய்ந்தாலும் யாரும் விரட்டக் கூடாது. அதற்குப் பெயர் வைக்கக் கூடாது, மகனே ராசாவே என்று உறவு சொல்லியும் கூப்பிடக் கூடாது. அது சாமியுடையது, ஊருக்கு நடுவில் நடமாடினாலும் ஊருக்கு வெளியே இருப்பது. பஞ்சவர்ணம் முறை தவறவில்லை. "இந்தா" என்றுதான் அதைக் கூப்பிட்டாள். உயிரோடு இருந்தபோது புருசனையும் அப்படித்தான் கூப்பிட்டிருந்தாள்.

ஆனால் பேசக் கூடாது என்று ஒரு முறை இல்லை. தவசி திருப்பூருக்குத் திரும்பிப் போனபிறகு அந்த வீட்டில் பேசினால் சுவர் கேட்கும், அடுப்பு கேட்கும், இரண்டும் பதில் சொல்லாது. கிடா சொன்னது. சாயங்காலம் காட்டைச் சுற்றிவிட்டு வந்து அது வாசலில் படுத்துக்கொள்ள, பஞ்சவர்ணம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அன்றைய நாளைச் சொல்வாள், ரேசன் கடையில் சீனி இல்லாததை, தண்ணிக் குழாயில் மூக்காயி முறைத்ததை, தவசி போன் போடாததை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் அதன் கொம்படியில் விரலால் சொறிந்து, "என்ன, நான் சொல்றது சரிதான?" என்பாள். கிடா காதைப் படபடவென்று ஆட்டி உடம்பைச் சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்புதான் இரண்டு வருசமாக அவளுக்குக் கிடைத்த 'ம்'.

சித்திரைக் கொடைவிழாவில் கிடாவைக் கொண்டுவந்து முனியின் முன்னால் நிறுத்தினார்கள். தவசிக்கு லீவு கிடைக்கவில்லை; "நீயே முடிச்சிரும்மா" என்றிருந்தான். வேலுக்கட்டி தண்ணீர் தெளித்தார். கிடா நின்றது. இன்னொரு கை தெளித்தார். நின்றது. மூன்று குடம் ஊற்றினார்கள், வேப்பங்குழையால் அடித்துத் தெளித்தார்கள், கொட்டுக்காரர்கள் கை சிவக்கக் கொட்டினார்கள்; கிடா கருங்கல்லில் செய்து வைத்ததுபோல் நின்று எல்லோருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. மஞ்சள் தண்ணீர் அதன் ரோமத்தின்மேல் துளித்துளியாக நின்றது. வழியவும் இல்லை, காயவும் இல்லை. உச்சிவெயில் ஏறி, தரையில் ஊற்றிய தண்ணீர் புகையாய்ப் போனபிறகும் துளிகள் அப்படியே நின்றன. பசி வந்ததும் ஊர் வீட்டுக்குப் போனது. கிடாவும் போனது. வழக்கம்போலப் பஞ்சவர்ணத்தின் வாசலில் படுத்துக்கொண்டது, ஈரமாக.

சேவுகன் அரிவாளை முனியின் காலடியில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை கறி போடுகிறவனும் அவன்தான் என்பதால், கறிக்கடை மரமேடையில் கத்தரிக்காயும் பூசணியும் வந்து உட்கார்ந்தன. பழக்கதோசத்தில் பூசணிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு ஒரு நொடி நின்று பார்ப்பான். வாங்க வந்தவர்கள் சிரிக்காமல் காத்திருப்பார்கள்.

வைகாசி பிறந்தபோது, ஊரில் வேறு எதுவும் சிலிர்க்கவில்லை என்பது தெரியவந்தது. கண்மாயில் விழுந்து எழுந்த நாய்கள் உதறிக்கொள்ளவில்லை. ஈரத்தோடு வந்து ஈரத்தோடு படுத்தன. கோழிகள் நனைந்தால் நனைந்தபடியே கிளறின. எருமைகள் குளத்திலிருந்து குளத்தையே போர்த்திக்கொண்டு வந்ததுபோல் வந்து நின்றன. காக்கை குளித்துவிட்டுக் கம்பியில் உட்கார்ந்தால் அதன் சிறகில் முத்துக் கோத்தாற்போலத் துளிகள் நின்றன, அடுத்த வாரமும் அதே துளிகள் நின்றன. மழை பார்த்து மூன்று வருசமான ஊரில் மிருகங்கள் மட்டும் மழையில் நனைந்தவைபோல அலைந்தன. தாகமெடுத்த சிட்டுகள் கிடாவின் முதுகில் உட்கார்ந்து குடித்தன. குடித்த இடத்தில் துளி மறுபடி ஊறியது. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, தோல் வியாதி என்று களிம்பு எழுதிக்கொடுத்தார். களிம்பின்மேலும் துளி நின்றது.

ஊர் அதற்கும் பழகியது. நனைந்த நாய் வீட்டுக்குள் வரும் என்று சாக்கு விரித்து வைத்தார்கள். கறி வேண்டுமென்றவர்கள் பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு எதுவும் ஆகவில்லை, பிரியாணியும் நன்றாகவே இருந்தது. ஆனால் தலையை ஆட்டுவதுதான் சிரமமாகிப்போனது. எதற்குத் தலையாட்டுகிறோம், யார் அதைச் சரியென்று எடுத்துக்கொள்வார்கள் என்கிற பயம் வந்து, ஆட்கள் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு வாயால் பேசத் தொடங்கினார்கள். மூக்காயியின் மகளைப் பெண் பார்க்க வந்த இடத்தில், காப்பித் தட்டோடு வந்தவள் தலையைக் குனியாமல் ஆட்டாமல், "எனக்கு இவரைப் பிடிக்கல, காப்பியக் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆடி முடிவதற்குள் ஊருக்கு ஒரு யோசனை வந்தது. பஞ்சவர்ணம் கேட்டால் கிடா ஆட்டும் என்பது யாருக்குத்தான் தெரியாது? இரண்டு வருசமாகத் தெருவே பார்த்ததுதானே! வேலுக்கட்டியும் சேவுகனும் இன்னும் நாலு பேரும் அவள் வாசலுக்கு வந்தார்கள். கிடா அவர்களுக்கு நடுவில் ஈரமாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை. 'சரிதான'ன்னு கேளு. நீ கேட்டா அது ஆட்டும்" என்றான் சேவுகன்.

"ஆட்டும்."

"பெறகென்ன?"

"அதுனாலதான் கேக்கல."

"இதென்னக்கா புதுசா! நீ என்ன கறி திங்காதவளா? போன தீவாளிக்கு, ஈரலை எனக்கு எடுத்து வையிடான்னு கோழி கூவ முந்தி வந்து நின்னவ யாரு?"

"நான்தேன். தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. அது தப்பா ரைட்டான்னு இப்ப என்னையக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல, சேவுகா. இது வேற. இதுகிட்ட நான் பேசிட்டேன்."

"பேசினா என்ன? நான் எந்நேரமும் என் பொண்டாட்டிகிட்டப் பேசுறேன், ஒண்ணுக்காவது சரிங்கிறாளா? உனக்காவது இது சரிங்குது."

யாரோ சிரித்தார்கள். பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை.

"மாவு புளிச்சுப்போச்சுன்னேன், சரிதானன்னேன், ஆட்டுச்சு. மருமக வந்து பாத்துக்கிருவாள்னேன், அதுக்கும் ஆட்டுச்சு. ஒருநா, இந்தக் கெணத்துலயே விழுந்து போயிரலாமான்னு இருக்குன்னேன், சரிதானன்னேன். அதுக்கும் இதே மாதிரிதான் காத ஆட்டுச்சு. அது என்னையச் சாகச் சொல்லியா ஆட்டுச்சு? கொம்படியில சொறிஞ்சா ஆட்டும். தண்ணி பட்டா உதறும். இத்தனை வருசமா நீங்க கேட்டுக்கிட்டு வந்ததும் இதைத்தான்."

வேலுக்கட்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் பஞ்சவர்ணம்" என்றார். "எனக்கும் தெரியும், எங்கப்பனுக்கும் தெரியும். ஆனா வெட்டுற கைக்கு ஒரு பிடிமானம் வேணும்ல."

அவர்கள் போனபிறகு அவள் வழக்கம்போல அன்றைய நாளைக் கிடாவிடம் சொன்னாள். கடைசியில் கை தானாகக் கொம்படிக்குப் போனது. பாதியில் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுடைய பேச்சுகளெல்லாம் முடியாமல் நின்றன. ஒரு வீட்டில் முடியாத பேச்சுகள் சேர்ந்துகொண்டே போனால் எப்படி இருக்கும் என்பது தனியாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும்; அரிசிப் பானைக்குப் பின்னால் பாதிப் பேச்சு, கதவிடுக்கில் பாதிப் பேச்சு, காலையில் பெருக்கினால் விளக்குமாறு நிறைய.

தவசி போன் போட்டால் ஊர்க்கதையைச் சொல்வாள். அவன் கம்பெனி இரைச்சலுக்கு நடுவில் 'ம்... ம்... சரிம்மா' என்பான்.

"நான் இப்ப என்னடா சொன்னேன்?"

"ம்... சரிம்மா, சூப்பர்வைசர் வாறாரு, வச்சிர்றேன்."

"நீ போடுற 'ம்'முக்கு அந்தக் கிடாயே பரவால்லடா" என்பதற்குள் போன் செத்திருக்கும்.

ஐப்பசியில் தவசி வந்தான். டவுன் பஸ்ஸிலிருந்து பையை ஒரு கையாலும் வயிற்றை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினான். அவன் கண்கள், கிடாவின் முதுகில் நின்ற துளிகளின் நிறத்தில் இருந்தன. டாக்டர் மருந்து கொடுத்திருந்தார். மருந்து இருக்கட்டும், நேர்ந்ததைச் செலுத்தாமல் ஆறு மாசம் ஆகிறதே என்று ஊரே நினைத்தது. ஊர் நினைத்ததைப் பஞ்சவர்ணம் அதற்கு முன்னாலேயே நினைத்திருந்தாள். மறுநாள் காலையில் யாரும் கொட்டு அடிக்காமல், யாரும் யாரையும் கூப்பிடாமல் எல்லோரும் முனியின் முன்னால் வந்து சேர்ந்தார்கள். குளிர்ந்த வாடை வீசியது. கிடா தானாகவே வந்து, சித்திரையில் நின்ற அதே இடத்தில் நின்றது. சேவுகன் அரிவாளைத் துடைத்து எடுத்துக்கொண்டான்.

தவசி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"ஒரு ஆட்டுக்காக என்னைய விட்ருவியாம்மா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற தாய் ஏழு குறிச்சியிலும் கிடையாது. பஞ்சவர்ணம் கிடாவின் பக்கத்தில் போய்க் குத்தவைத்தாள். எல்லோருடைய கழுத்தும் நீண்டது. அவள் வாசலில் பேசுகிற அதே குரலில், பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"இந்தா. எம் பிள்ளைக்கு முடியல. உன்னையக் குடுக்கிறேன்னு சொல்லித்தான் அவனை வாங்கினேன். உன்னைய நான் கேக்கல அப்ப. நீ மூணு நாள் குட்டி. உங்காத வெட்டையில நீ கத்தினதுக்கு என்ன அருத்தம்னும் நான் கேக்கல. சொன்னவ நானு. வாங்கினவளும் நானு..."

விரல் கொம்படிவரைக்கும் போனது. சேவுகன் அரிவாளை மாற்றிப் பிடித்தான். வேலுக்கட்டி கத்துவதற்கு மூச்சை இழுத்தார். பஞ்சவர்ணம் கையை எடுத்தாள். எடுத்த கையால் மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டாள்.

தண்ணீர் அவள் முடியிலும் சேலையிலும் நின்றது. அவள் சிலிர்க்காமல் இருக்கத்தான் பார்த்தாள். பல்லைக் கடித்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டாள். சரி என்று அவள் நினைக்கவில்லை. வேண்டாம் என்றும் நினைக்கவில்லை. வாடைக்காற்று கண்மாய்ப் பக்கமிருந்து வந்து ஈரத்தில் பட்டது, அவ்வளவுதான். அவள் உடம்பு உச்சியிலிருந்து கால்வரைக்கும் ஒருமுறை உதறியது.

"சரின்னுரு..." என்று பழக்கத்தில் கத்திய வேலுக்கட்டி பாதியில் நிறுத்திக்கொண்டார். பழக்கத்தில் கிளம்பிய குலவை பெண்களின் வாய்க்குள்ளேயே நின்றது. ஆனால் பழக்கத்தில் எழுந்த சேவுகனின் அரிவாள் தோளுயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. அவன் அரிவாளையும், கீழே குனிந்திருந்த ஈரக் கழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். போன தீவாளிக்கு ஈரல் கேட்டு வந்த அக்காவின் கழுத்து.

பஞ்சவர்ணம் தலையைத் தூக்கினாள்.

"குளிருது, சேவுகா" என்றாள்.

அப்போது கிடா சிலிர்த்தது. ஆறு மாசத்துத் துளியும் ஒரே உதறலில் தெறித்தது. தெருவில் நாய்கள் உதறின, கூரையில் கோழிகள் உதறின, கண்மாயில் எருமைகள் உதறியது பாறை உருள்கிறதுபோலக் கேட்டது. காக்கைகள் உதறியது மேலேயிருந்து தூறலாக விழுந்தது. ஊர் முழுக்க நனைந்தது. வயல்களுக்குப் போதுமான அளவுக்கு அல்ல, சட்டைகளுக்குப் போதுமான அளவுக்கு.

கிடா சிலிர்த்துவிட்டதே, இப்போது வெட்டலாமே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று தோன்றியவர்கள் இருந்தார்கள். சேவுகன் அரிவாளைத் தரையில் வைத்துவிட்டு அதன்மேல் துண்டைப் போட்டு மூடினான்.

ஆனால் ஊர் ஊர்தானே, அதற்கு ஒரு தீர்ப்பு வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கேட்டாயிற்று, சிலிர்ப்பும் கிடைத்தாயிற்று, முதலில் சிலிர்த்தது அவள். ஆகவே இனிமேல் சாமிக்கு விட்டது அவள்தான் என்றார்கள். வேலுக்கட்டி மறுப்புச் சொல்ல வாயெடுத்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். மரியாதையோடுதான் செய்தார்கள். அவளை யாரும் விரட்டக் கூடாது. எந்த வீட்டு வாசலில் நின்றாலும் சோறு போட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, உறவு சொல்லியும் கூப்பிடக் கூடாது. பஞ்சவர்ணம் என்கிற பெயரை அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் தன் வாயிலிருந்து எடுத்துவிட்டது. அக்கா போயிற்று, சின்னம்மா போயிற்று, மதினி போயிற்று. சோற்றுத் தட்டை நீட்டுகிறவர்கள் "இந்தா" என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேவுகன் கடையில் கறி தொங்கியது. அது நடக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்று மாறியிருந்தது. தண்ணீர் தெளித்து ஆடு சிலிர்த்ததும் "சரின்னுருச்சு" என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வேறு வார்த்தை இல்லாததால், "குளிருதுங்குது" என்றார்கள். குளிருதுங்குது என்று சொல்லிவிட்டு வெட்டினார்கள். அப்படிச் சொன்னபிறகு வெட்டுவது சிலருக்குக் கைவரவில்லை, பலருக்குக் கைவந்தது. சேவுகனுக்குச் சில ஞாயிறு வந்தது, சில ஞாயிறு பூசணிதான்.

தவசியின் கண்ணில் மஞ்சள் இறங்கக் கார்த்திகை ஆனது. மருந்து என்றார்கள், முனி என்றார்கள். அவன் திருப்பூருக்குக் கிளம்பிய அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வாசலுக்கு வந்தான். மதியவெயில். அவனைப் பஸ் ஏற்ற வந்த நாலைந்து பேர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிடா பக்கத்தில் படுத்திருந்தது, காய்ந்த முதுகோடு. அவனுக்கு அம்மா என்று கூப்பிட வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தான். அவளைச் சாமிக்கு விட்டு உயிரோடு இருக்கிறவனுக்கு, உறவு சொல்லும் அந்தச் சொல் தடை. திறந்த வாயை மூடிக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. கிடாவைப் பார்த்துத்தான் பேசினாள். "போறான். பஸ் ஒண்ணரைக்கு. சாப்பிட்டானான்னு தெரியல. மூக்காயி மக தையல் படிக்கப் போறாளாம். நேத்து வடக்க மின்னுச்சு, வந்தாலும் வரும். முட்டி வலிக்குது, வலிச்சாலும் கெடக்குது. நான் நல்லாத்தான் இருக்கேன். யாரும் கூப்பிடலைன்னா எங்க போறது எங்க வாறதுன்னு ஒரு சோலியும் இல்ல..."

அங்கே நின்றாள். முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் அந்தக் கேள்வி வரும். அவள் விரல் அரிசிக்குள்ளேயே இருந்தது. கிடா அசை போடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. அவள் கேட்கவில்லை.

தெருமுக்கில் திரும்பப் போனவன் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே, ஒவ்வோர் அடியாகத்தான் போயிருந்தான். அவள் நின்றதும் அவனும் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இன்னும் ஏதாவது சொல்கிறாளா என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு அங்கிருந்தே, வாசல்வரைக்கும் கேட்கும்படி, ஒரு முறை சொன்னான்.

"ம்."

அது பெயரும் இல்லை, உறவும் இல்லை. அதைச் சொல்லக் கூடாது என்று முறை எதுவும் இல்லை.

சொல்லிவிட்டு, பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, அவன் போய்விட்டான்.